நாசரேத்துப் பட்டறையும் நம்மூர் வேலையும்

(தொழிலாளரான புனித சூசையப்பர் விழாவையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இயேசு தாம் வளர்ந்த நாசரேத்துக்குத் திரும்பி வந்து தொழுகைக்கூடத்தில் போதித்தபோது ஊர்க்காரர்கள் வியந்தார்கள். வியந்த கையோடு முகத்தையும் சுளித்தார்கள். தச்சருடைய மகன் என்று அவரை அவர்கள் குறிப்பிட்டதாக மத்தேயு எழுதுகிறார். மாற்கு எழுதும்போது, இயேசுவையே தச்சர் என்று சொல்லிவிடுகிறார்கள். நம் வயலுக்கு ஏர் செய்து கொடுத்த கை, நம் வீட்டு வாசலுக்கு நிலை வைத்த கை, இந்தக் கைக்காரருக்கு இத்தனை ஞானம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர்களுடைய மனத்தாங்கல். பட்டறையில் நிற்கிறவரிடத்தில் கடவுள் இருப்பார் என்று அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த எண்ணம் நாசரேத்தோடு நின்றுவிட்டதா? நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வீடு சந்திக்கப் போகும்போது குருக்களாகிய நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "சாமி, நீங்க கடவுள் வேலயப் பாக்குறீங்க, நாங்க வயித்து வேலயப் பாக்குறோம்." சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர் இதைச் சொல்வார். பருத்தி எடுக்கப் போகிற அம்மா சொல்வார். கூடவே, "ஞாயித்துக்கிழம ஷிப்ட் போட்டுட்டாங்க சாமி, பூசைக்கு வர முடியல" என்ற வருத்தமும் வரும். அந்த வருத்தத்தில் விசுவாசம் இருக்கிறது, அதை நாம் மதிக்கிறோம். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் என்பதை மட்டும் இங்கே நினைவுபடுத்திவிட்டு, அந்த முதல் பேச்சுக்கு வருவோம். கடவுள் வேலை, வயிற்று வேலை என்று வேலை இரண்டா?

1955-ஆம் ஆண்டு மே முதல் நாளில், உரோமையில் கூடியிருந்த இத்தாலியத் தொழிலாளர்களிடையே பேசிய திருத்தந்தை 12-ஆம் பயஸ், அந்த நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக அறிவித்தார். உலகெங்கும் தொழிலாளர் தினமாக இருந்த நாளிலேயே திருச்சபையும் தன் விழாவை வைத்தது. அந்த விழாவின் நாயகர் நற்செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தூங்குகிறார், கனவில் சொல்லப்பட்டதைக் கேட்கிறார், எழுந்து செய்கிறார். அவ்வளவுதான். நாம் 'தச்சர்' என்று மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் 'டெக்டோன்' என்பது. மரவேலைக்காரரை மட்டுமல்ல, கட்டட வேலை செய்கிறவரையும் அது குறிக்கும். ஆகவே நம் பங்குகளிலுள்ள கொத்தனார்களும் சூசையப்பரைத் தங்கள் ஆளாக எண்ணிக்கொள்ளத் தடையில்லை.

இந்தத் தச்சரைத் தலைவராக வைத்துத் தமிழில் ஒரு பெருங்காப்பியம் இருக்கிறது. தேம்பாவணி. 36 படலங்கள், 3,615 பாடல்கள். தமிழ்க் காப்பிய மரபில், 'வளன்' என்று பெயர் சூட்டி ஒரு கைத்தொழிலாளியைப் பாட்டுடைத் தலைவராக உட்காரவைத்தவர் வீரமாமுனிவர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இயற்பெயர் கொண்ட அந்த இத்தாலிய இயேசு சபைக் குரு 1680-இல் பிறந்து, 1711-இல் மதுரை மறைத்தளத்துக்கு வந்தவர். அவர் பல ஆண்டுகள் பணிசெய்த இடம் வெகுதூரத்தில் இல்லை. திருமானூரைத் தாண்டி, கொள்ளிடத்துக்கு வடக்கே, நம் ஏலாக்குறிச்சிதான். திருக்காவலூர் என்று அவர் பெயரிட்டு அழைத்த அந்த அடைக்கல மாதா திருத்தலத்துக்கு நடந்தும் வண்டி கட்டியும் போன குடும்பங்கள் இன்று இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

ஆனால் தேம்பாவணியைவிட, அவர் செய்த வேறொரு சிறிய வேலையைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் நின்று பேச விரும்புகிறோம். அந்தக் காலத்து ஓலைச்சுவடிகளில் எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் ஆகியவற்றுக்குள் வேற்றுமை தெரிய, குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது மரபு. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிக்கிறவர் குறிலா நெடிலா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்தார். எ-வுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ. ஒ-வுக்குக் கீழே ஒரு சுழி சேர்த்தால் ஓ. உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்பு குறிலுக்கு, இரட்டைக் கொம்பு நெடிலுக்கு. நம் பேருந்துகளின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 'பெரம்பலூர்' என்பதில் ஒற்றைக் கொம்பு. 'ஏலாக்குறிச்சி' என்ற பெயரின் முதல் எழுத்திலேயே அவர் இழுத்த கோடு இருக்கிறது.

அவர் மறையுரை ஆற்றினார், திருமுழுக்குக் கொடுத்தார், ஆலயம் கட்டினார். அவற்றைக் கடவுள் வேலை என்று நாம் உடனே ஒத்துக்கொள்வோம். இந்தக் கோடும் சுழியும் எந்த வேலை? அதில் சிலுவை அடையாளம் இல்லை. விவிலிய வசனம் இல்லை. பெருமாள் கோயில் அழைப்பிதழிலும், பள்ளிவாசல் அறிவிப்பிலும், கட்சிச் சுவரொட்டியிலும் அதே ஏ, அதே ஓ. யாருடைய உழைப்பு என்று அறியாமலே தமிழர் அனைவரும் பயன்படுத்துகிறார்கள். 1732-இல் அவர் முடித்த சதுரகராதியும் அப்படித்தான். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடுகிறவருக்குப் பயன்படட்டும் என்று சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரித்து அடுக்கிய வேலை அது. எத்தனை இரவு விளக்கெண்ணெய் எரிந்திருக்கும்! கடவுளுக்குச் செய்யும் வேலைக்குக் கடவுள் பெயரை ஒட்டவேண்டும் என்று கட்டாயமில்லை. வேலை சரியாக இருக்கவேண்டும், அது போய்ச் சேரும் மனிதருக்கு உதவவேண்டும், அவர் யார் என்று தெரியாவிட்டாலும்.

அன்பார்ந்தவர்களே, யார் என்று தெரியாத மனிதருக்காக வேலை செய்வது நம் இரு மாவட்டத்தாருக்குப் பழக்கமானதுதானே. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்று நிலவியலார் சொல்கிறார்கள். அந்தக் கடலின் சங்கும் சிப்பியும் இன்றும் நம் ஓடைக்கரைகளில் கல்லாகக் கிடக்கின்றன. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்டாகி ஊர் ஊராகப் போகிறது. 50 கிலோ மூட்டை எங்கே போகிறது, எந்த வீட்டுத் தளமாகிறது, அதன் கீழே எந்தக் குழந்தை தூங்குகிறது என்று இங்கே மூட்டை ஏற்றியவருக்குத் தெரியாது. ஆலையின் சோதனைக்கூடத்தில் ஒருவர் சிமெண்டைக் கட்டி வார்த்து, 3 நாள், 7 நாள், 28 நாள் கழித்து அழுத்திப் பார்த்து அதன் வலிமையைக் குறிக்கிறார். அழுத்திப் பார்க்காமலே ஓர் எண்ணை எழுதிவிடவும் முடியும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லை. கொலோசை நகர வேலைக்காரர்களுக்குத் தூய பவுல் எழுதியது இதைத்தான். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு முன்னால் மட்டும் செய்கிற வேலை வேண்டாம், ஆண்டவருக்கென்றே மனமாரச் செய்யுங்கள் என்ற கருத்தில் எழுதினார். அவர் எழுதியது குருக்களுக்கு அல்ல. அடிமைகளாக இருந்தவர்களுக்கு.

சுண்ணாம்புக்கல் என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 1939-இல் நாசிகள் போலந்தைப் பிடித்து, கிராக்கோவ் நகரின் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், 1940-இல் நகருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல் உடைப்பதும் தள்ளுவண்டியில் ஏற்றுவதும்தான் வேலை. கடுங்குளிர். பிறகு அதே நிறுவனத்தின் இரசாயன ஆலையில் வாளி வாளியாகச் சுண்ணாம்புக் கரைசல் சுமந்தார். இரவு ஷிப்டில் ஓய்வு கிடைத்தபோது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். 1942 முதல் மறைவாகக் குருத்துவப் படிப்பும் நடந்தது. அவர்தான் கரோல் வொய்த்திவா. 1978-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனவர். சுரங்கத்தில் கழித்த காலத்தை அவர் தம் வாழ்வின் விடுபட்ட காலமாக எண்ணவில்லை. அதைப் பற்றிக் கவிதையே எழுதினார்.

மனித உழைப்பைப் பற்றி அவர் எழுதிய சுற்றுமடல் 1981 செப்டம்பர் 14 அன்று வெளியானது. தொழிலாளர் நிலைபற்றித் திருத்தந்தை 13-ஆம் லியோ 1891 மே 15-இல் வெளியிட்ட மடலின் 90-ஆம் ஆண்டு நினைவாக, மே மாதத்திலேயே வெளிவர வேண்டியது அது. அந்த மே 13-இல் அவர்மேல் துப்பாக்கிச்சூடு நடந்ததால், மருத்துவமனையிலிருந்து மீண்ட பிறகே அவரால் முடிக்க முடிந்தது. அதன் மையக் கருத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: வேலைக்கு மதிப்பு வருவது அது என்ன வேலை என்பதிலிருந்து அல்ல, அதைச் செய்கிறவர் மனிதர் என்பதிலிருந்துதான். மனிதருக்காக வேலையே ஒழிய, வேலைக்காக மனிதர் அல்ல. கல் உடைத்த கையோடு எழுதியதால்தானோ என்னவோ, நம் பகுதி மக்களுக்கு அது சட்டென்று விளங்குகிறது.

தொழிலையே தெய்வம் என்று சொல்லும் வழக்கும் நம்மிடையே உண்டு. பல பட்டறைகளில் பலகையில்கூட எழுதியிருக்கும். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். என்றாலும் நாம் அதை அப்படியே ஏற்பதில்லை. தொழில் தெய்வமானால், தெய்வத்துக்காக எதையும் பலி கொடுக்கலாம் என்று ஆகிவிடும். உடம்பு போகும், குடும்பம் போகும், சாலையில் எதிரே வருகிறவர் உயிரும் போகும். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளால் நம் சாலைகளில் நேர்ந்த விபத்துகளை நீங்கள் அறிவீர்கள். எத்தனையோ லாரிகளின் முகப்பில் சாமி படம் இருக்கிறது. மாதா படமும் செபமாலையும் தொங்குகிற வண்டிகளும் உண்டு. படம் வைப்பது நல்லது. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று கணக்குப் போட்டு, பள்ளி விடும் நேரத்தில் ஊருக்குள் பறந்தால், மாதா அந்த வண்டியில் என்ன செய்வார்? இதில் ஓட்டுநரை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போகவும் நமக்கு மனமில்லை. நடைக்குக் கூலி என்று வைத்து, வேகத்தில்தான் அவர் வீட்டு உலை கொதிக்கும் என்று ஆக்கியவருக்கும் அதில் பங்கு உண்டு.

வயதில் மூத்த நேயர்களுக்கு 1956 நவம்பர் 23 நினைவிருக்கும். அடைமழைக் காலம். மருதையாற்றில் வெள்ளம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு ரயில், விடியுமுன்னே அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே ஆற்றுப் பாலத்தருகே கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்தான் மகபூப்நகர் அருகே ஒரு ரயில் விபத்து நடந்திருந்தது. அப்போதே பதவி விலக முன்வந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியை நேரு தடுத்துவிட்டார். அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி கேட்கவில்லை, விலகியே விட்டார். பாலத்தை அவர் கட்டவில்லை, மழையை அவர் பெய்விக்கவில்லை. விபத்துக்கு அவர் காரணமென்று நேருவும் கருதவில்லை. இருந்தும், என் பொறுப்பில் இருந்தது என்று எழுந்து நின்றார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் பொறுப்பைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தரத் தகுந்த நிகழ்ச்சி நம் ஊர்ப் பெயரோடுதான் வரலாற்றில் இருக்கிறது.

அமைச்சர் கதை எல்லாருக்கும் தெரியும். நாம் இங்கே நினைக்க விரும்புவது வேறொருவரை. மழைக்கால இரவுகளில் தண்டவாளத்தின் ஓரமாக விளக்கைப் பிடித்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடந்து, கரை அரித்திருக்கிறதா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து வரும் ரயில்வே ஊழியர் இருக்கிறார். கேங்மேன் என்று சொல்வோம். அவர் நடந்து முடித்த பாதையில் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே திருச்சி போய்ச் சேர்கிறார்கள். காலையில் இறங்கும் ஒருவராவது அவரை நினைப்பாரா? அவர் நம் பங்கைச் சேர்ந்தவராக இருந்தால், பூசைக்கு வர முடியாத இரவு வேலையைப் பற்றி எங்களிடம் வருத்தப்படவும் செய்வார். திருப்பலி வேண்டாம் என்று நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த மழை இரவில் அவர் நடந்ததை ஆண்டவர் பார்க்கவில்லை என்று நினைக்கவேண்டாம்.

வயல் பக்கம் வருவோம். பெரம்பலூர் என்றாலே பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். நல்ல விலை வரும்வரை வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காத்து வைக்கிறோம். (பட்டறை என்ற ஒரே சொல் தச்சருக்கும் வெங்காயத்துக்கும் பொதுவாக இருப்பது நம் பக்கத்துச் சிறப்பு!) மூட்டை பிடிக்கும்போது மேலே நல்லதும் நடுவே அழுகலும் வைக்கும் கை இருக்கிறது. பருத்தியில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றும் கையும் இருக்கிறது. அதற்குப் பதிலாக எடையில் குறைக்கும் வியாபாரியும் இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் காட்டித் தங்களுக்கு நியாயம் சொல்லிக்கொள்வார்கள். ஆமோஸ் இறைவாக்கினர் கோயில் குரு அல்லர், ஆடு மேய்த்தவர், அத்திமரம் பராமரித்தவர். கோதுமையில் பதரைக் கலந்து விற்கிறவர்களையும், ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருந்தவர்களையும் அவர்தான் கடுமையாகச் சாடினார். ஓய்வுநாளை அவர்கள் அனுசரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வழிபாடு தவறவில்லை. தராசுதான் தவறியது.

கொலோசையருக்கு எழுதிய பவுல், வேலைக்காரர்களுக்குச் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வேலை வாங்குகிறவர்களுக்கும் விண்ணகத்தில் ஓர் எசமான் உண்டு, ஆகவே நேர்மையாகக் கொடுங்கள் என்று அடுத்தே சொல்கிறார். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதுகிறார். களை எடுக்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்பது ஊர்வழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? வெளிமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் படுத்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வாரக்கூலி வாரத்தில் போய்ச் சேர்கிறதா? ஆலயத்தைச் சேர்ந்தவர்களும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. கோயில்பிள்ளைக்கு, உபதேசியாருக்கு, சமையல் செய்கிற அம்மாவுக்கு, பள்ளியின் தற்காலிக ஆசிரியைக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைப் பங்குப்பேரவை கூடும்போது ஒருமுறை கணக்கெடுத்துப் பார்ப்பது நல்லது. கடவுளுக்காகச் செய்கிறார்கள் என்று சொல்லி யாருடைய கூலியையும் குறைக்கலாகாது.

ஒருவர் கேட்கலாம்: வேலைதான் இறைப்பணி என்றால், வேலை கிடைக்காதவர் என்ன செய்வார்? பக்கவாதத்தில் படுத்திருப்பவர் என்ன செய்வார்? திராட்சைத் தோட்ட உவமையில் மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் ஆட்கள் நிற்கிறார்கள். சோம்பேறிகள் என்று இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்ற அவர்களுடைய பதிலைத் தோட்டக்காரர் நம்புகிறார், முழுக்கூலியும் கொடுக்கிறார். படித்துவிட்டு வேலை தேடி அலையும் பிள்ளைகளே, கேட்கிறீர்களா? உங்களை அவர் மணி பார்த்து எடைபோடுவதில்லை. படுத்திருக்கும் தாத்தாவுக்குத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, சம்பளமும் இல்லாமல் இருபத்து நான்கு மணிநேர வேலை பார்க்கும் மருமகள்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டால், "இல்ல சாமி, வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்பார்கள்!

திருப்பலியில் காணிக்கை நேரம் வரும்போது நாம் பீடத்தில் வைப்பது கோதுமையை அல்ல, அப்பத்தை. திராட்சைக் கொத்தை அல்ல, இரசத்தை. நிலம் கொடுத்ததோடு மனிதக் கையும் சேர்ந்தால்தான் அது காணிக்கையாகிறது, குரு அப்போது சொல்லும் மன்றாட்டிலும் அந்த உழைப்பு சொல்லப்படுகிறது. உழுதவர், அறுத்தவர், அரைத்தவர், சுட்டவர் எல்லாரும் கிறிஸ்தவர்களா என்று யாரும் விசாரிப்பதில்லை. அவர்கள் உழைப்பு பீடத்துக்கு வந்துவிடுகிறது, ஆண்டவர் அதைத் தம் உடலாக்கிக்கொள்கிறார்.

மே முதல் நாளில் சில பங்குகளில் அவரவர் வேலைக் கருவிகளைக் காணிக்கைப் பவனியில் கொண்டுவரும் வழக்கம் இருக்கிறது. மண்வெட்டி, களைக்கொத்து, கொத்தனாரின் கரண்டி, ஆலைத் தலைக்கவசம், தையல் கத்தரி, செவிலியரின் இரத்த அழுத்தக் கருவி, சமையல் கரண்டி. உங்கள் பங்கில் இந்த வழக்கம் இல்லையென்றால் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். கொண்டுவரும்போது கழுவி மினுக்கிக் கொண்டுவர வேண்டியதில்லை, சேறும் சிமெண்டுமாக இருந்தாலும் பரவாயில்லை. தீர்த்தம் தெளித்ததும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அது வேண்டும்.